சொன்னது சொன்னபடி

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் தரங்கம்பாடிக்குப் போகிறோம், நீயும் வந்தாக வேண்டும் என்று போர்மேன் வேலுமணி சொன்னபோது, ராஜாங்கம் "சரிங்க சார்" என்றான். நான்கு மாதமாக அந்த மனிதரிடம் அவன் அதிகம் பேசியது அந்த இரண்டு வார்த்தைகளைத்தான். பேசாத மற்றதையெல்லாம் உள்ளே வைத்துத் தீனி போட்டு வளர்த்துக்கொண்டிருந்தான்.

வேலுமணி கோயம்புத்தூர்ப் பக்கம். மில்லில் ஃபிட்டராக இருந்துவிட்டு, நெய்வேலியில் சுரங்கம் வெட்டத் தொடங்கியதும் வந்து சேர்ந்து, மண் தள்ளும் பெல்ட்டுகளுக்குப் போர்மேன் ஆனவர். ராஜாங்கம் உள்ளூர்க்காரன். சுரங்கத்துக்காகக் காலி செய்த ஊர்களில் ஒன்றில், பிறத்தியார் கழனியில் கூலி வேலை செய்த குடும்பம். ஊரைவிட்டுக் கிளம்பியபோது எடுத்துப்போக அவர்களிடம் நாலு பாத்திரமும் இரண்டு ஆடும்தான் இருந்தன. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு, ராஜாங்கமும் தம்பி கலியனும் கான்ட்ராக்டில் மண் சுமக்கப் போனார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் பெரிய இயந்திரங்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கின. அவற்றைப் பூட்ட ஜெர்மன்காரர்களும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹான்சன். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் பழுத்த முகம், ஆங்கிலம் பத்து வார்த்தைக்கு மேல் தெரியாது. அவருடைய கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை ராஜாங்கத்துக்கு. அவர் ஒரு போல்ட்டைக் காட்டி ஒரு சத்தம் போடுவார். அடுத்த முறை அந்தச் சத்தம் வந்தால் இவன் கையில் போல்ட் தயாராக இருக்கும். எட்டாவது வரை படித்தவன், காது கூர்மை. பழைய கணக்கு நோட்டில் அந்தச் சத்தங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தான். ஒன்றரை வருஷத்தில் அது பாஷையாகிவிட்டது. ஹான்சன் தன் மனைவிக்குக் காலில் ஆபரேஷன் நடந்ததைக்கூட அவனிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு பெல்ட் பகுதியில் ஹான்சன் சொன்னதும் வேலுமணி சொன்னதும் ராஜாங்கத்தின் வாய் வழியாகத்தான் போய்வந்தன. வேலுமணிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவனை விட்டால் வேறு வழியும் இல்லை. எதிரில் நிற்கிற ஹான்சனுக்கு எதுவும் புரியாது என்கிற தைரியத்தில், "இந்தச் செவத்தக் கொரங்குக்கு என்ன வேணுமாம்?" என்பார். ராஜாங்கம் அதை, "ஐயாவுக்கு ஏதாவது தேவையா என்று கேட்கிறார்" என்று மாற்றிச் சொல்வான். ஹான்சன் சிரித்துத் தலையாட்டுவார். அப்படி எத்தனையோ முறை. சண்டை வராமல் வேலை நடந்தது. வேலுமணி மரியாதை தெரிந்த மனிதர் என்று ஹான்சன் நம்பினார்.

அறுபத்தொன்று ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டது. பெல்ட்டில் வருகிற களிமண் கடைசி உருளையில் அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டாவிட்டால் பெல்ட் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடும். உருளையைச் சுற்றி இரும்புத் தடுப்பு ஒன்று உண்டு. இரண்டு மாத விடுமுறையில் ஊருக்குக் கிளம்புகிற அன்று ஹான்சன் அந்தத் தடுப்பின் மேல் கையை வைத்துச் சொன்னார்: "பெல்ட்டை நிறுத்திவிட்டுத்தான் இதைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டாமல் பெல்ட் ஓடவே கூடாது." ராஜாங்கம் தமிழில் சொன்னான். "ஆகட்டும்னு சொல்லு" என்றார் வேலுமணி.

ஹான்சன் போன நாலாம் நாள், "ஒவ்வொரு தடவையும் நிறுத்திக் கழட்டி மாட்டிட்டிருந்தா ஷிப்டுக்கு என்னத்த மண்ணு தள்றது?" என்று வேலுமணி தடுப்பைக் கழற்றி ஓரமாகச் சாத்தி வைக்கச் சொன்னார். ஓடுகிற உருளையில் கம்பியால் சுரண்ட கலியனை நிறுத்தினார். கலியனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கம்பி சிக்கியது. கம்பியை விட்டிருக்கலாம், கம்பி தொலைந்தால் கான்ட்ராக்டர் வைவார் என்று பிடித்துக்கொண்டான். வலது கை முழங்கைக்குமேல் வரை போய்விட்டது.

விசாரணை வந்தது. தடுப்பில்லாமல் பெல்ட் ஓடியது யார் சொல்லி? வேலுமணி எழுதிக்கொடுத்தார்: தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று இயந்திரம் பூட்ட வந்த ஜெர்மன் எரெக்டர்தான் ஊருக்குப் போகும் முன் சொன்னார், பையன் கவனமில்லாமல் கையை விட்டுவிட்டான். ஊரில் இல்லாத ஜெர்மன்காரர் என்ன சொன்னார் என்பதற்கு இங்கே ஒரே சாட்சி ராஜாங்கம்.

வேலுமணி அவனை ஸ்டோர் ரூமுக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"போன கை திரும்ப வராது, ராஜாங்கம். அந்த ஆளு இன்னைக்கு இருப்பான், நாளைக்குப் பொட்டியக் கட்டிட்டுப் போயிருவான். நீயும் நானும் இங்கியே கெடக்கறவங்க. நீ சாட்சிக் கையெழுத்துப் போடு. உன்னைய பர்மனென்ட் பண்றது என் பொறுப்பு. உன்ற தம்பிக்கும் ஒரு வாட்ச்மேன் வேலை பாத்துக் குடுத்தர்றேன்."

ஆஸ்பத்திரியில் கலியன் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். ராஜாங்கம் யோசித்தான் என்று சொல்வதற்கில்லை. பயந்தான். பிறகு போட்டான்.

தை மாதம் அவன் பர்மனென்ட் ஆனான். சின்ன குவார்ட்டர்ஸ் ஒன்று கிடைத்தது. மனைவி அம்சவல்லியும் கலியனும் அவனோடு குடிவந்தார்கள். கையெழுத்து விஷயம் இருவருக்கும் தெரியாது. அண்ணனுடைய பாஷைக்குத்தான் பர்மனென்ட் கிடைத்தது என்று கலியன் தெரிந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வாட்ச்மேன் வேலையைப் பற்றி ராஜாங்கம் மூன்று முறை கேட்டான். மூன்றாவது முறை கேன்டீனில், பத்துப் பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது. வேலுமணி சிரித்தார். "திருடன் வந்தா உன்ற தம்பி எந்தக் கையில புடிப்பான்?" பத்துப் பேரில் ஆறு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து கலியனுக்கு அந்தக் கேன்டீனில் 'அரைக்கை' என்று பெயர்.

விசாரணையை முடித்துக் கட்டிய பிறகுதான் விடுமுறையிலிருந்து ஹான்சன் திரும்பினார்; அவர் முதலில் கேட்டதே கலியனைப் பற்றித்தான். பக்கத்தில் நின்ற வேலுமணி, "அவனேதான் கைய வுட்டுட்டான்னு சொல்லு" என்றார். ராஜாங்கம் சொன்னான். தன் வாயால், தான் கஷ்டப்பட்டுச் சேர்த்த பாஷையில், தம்பியின் மேல் பழியைச் சொன்னான். ஹான்சன் அவன் தோளில் கை வைத்து, வருத்தமாக இருக்கிறது என்றார். அந்தக் கை அங்கேயே ஒட்டிக்கொண்டதுபோல் பல நாள் கனத்தது.

அப்போதுதான் வஞ்சம் அவனுக்குள் சரியாக வேர் பிடித்தது. மேலே பெல்ட் போகிற பாலத்தில் நின்று பெரிய ஸ்பானரை நழுவவிடலாம். கீழே வேலுமணி நிற்கிற இடம் அவனுக்குத் தெரியும். தண்ணீர் இறைக்கிற குழிக்குப் பக்கத்தில் ஒரு தள்ளு தள்ளலாம். ஒவ்வொன்றையும் நிதானமாக, வேலைக்குத் திட்டம் போடுகிற மாதிரி யோசித்து, வேண்டாம் என்று வைத்தான். செத்தவனைப் பற்றி எல்லோரும் நல்லதாகத்தான் பேசுவார்கள். அந்த ஆள் உயிரோடு இருக்க வேண்டும். நின்ற இடத்தில் கூச வேண்டும். தான் சொன்ன வார்த்தையாலேயே விழ வேண்டும். அதற்கு வழி தெரியாமல் காத்திருந்தான்.

தரங்கம்பாடிப் பயணம் வேலுமணியின் ஏற்பாடு. ஆறு மாதப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு இரண்டு போர்மேன்களை அனுப்பப் போவதாகப் பேச்சு இருந்தது. ஹான்சன் ஒரு கடிதம் கொடுத்தால் தன் பெயர் நிச்சயம் என்று அவர் நம்பினார். அந்தச் சமயத்தில்தான், டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை ஒன்று இந்தப் பக்கம் கடற்கரையில் இருக்கிறதாமே, பார்க்க வேண்டும் என்று ஹான்சன் சொல்லிக்கொண்டிருந்தார். வேலுமணி யாரையோ பிடித்து ஜீப்புக்கு அனுமதி வாங்கினார். புதிதாக வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டார்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். டிரைவர் குழந்தைவேல். முன்னால் ஹான்சன், பின்னால் வேலுமணியும் ராஜாங்கமும். சிதம்பரத்தில் இட்லி சாப்பிட்டு, கொள்ளிடம் தாண்டி, சீர்காழி வழியாகப் போய்ச் சேரும்போது பத்து மணி. வெள்ளையடித்த பெரிய வாசல் ஒன்றுக்குள் நுழைந்து ஜீப் நேர்த் தெருவில் போனது. இரண்டு பக்கமும் உயரமான தூண் வைத்த பழைய வீடுகள். பாதி பூட்டிக் கிடந்தன. தெரு முடிகிற இடத்தில் சட்டென்று வானம் திறந்துகொண்டது. பரந்த மைதானம். ஒரு பக்கம் மஞ்சள் நிறக் கோட்டை. எதிரே கடல்.

மைதானத்தில் கொஞ்சம் ஆடுகள் மேய்ந்தன. ஒரு மூலையில் வலையை விரித்துப் போட்டு இரண்டு பேர் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்ச்சில் ஆராதனை முடிந்து வெள்ளைப் புடவைகளும் குடைகளுமாகக் கிறிஸ்தவக் குடும்பங்கள் தெருவில் கலைந்து போயின. ஹான்சன் இறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டு, அப்படியே நின்றார். பிறகு பேச ஆரம்பித்தார். அவருடைய ஊர் ஜெர்மனியின் வட கோடியில் இருக்கிறதாம். அவர் தாத்தாவின் அப்பா காலத்தில் அங்கேயும் டேனிஷ் ராஜாதானாம். அவர் ஊரிலும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இப்படித்தான் ஒரு சதுக்கமாம். மீன்காரர்கள் வலை காயப்போடுவார்களாம். சொல்லச் சொல்ல அவர் கண் ஈரமானது.

"என்றா சொல்றான்?" என்றார் வேலுமணி.

"அவுரு ஊருலயும் இதே மாதிரி எடம் இருக்குதாங்க. அத நெனச்சிகினு பேசறாரு."

"அழுவறானாட்ட இருக்குது. சரி, அழுது முடிக்கட்டும். முடிச்சதும் லெட்டர் விசயத்த எடு."

கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். சாய்ந்துகிடந்த கற்களில் பெயர்களை ஹான்சன் ஒவ்வொன்றாகப் படித்தார். இந்தப் பெயரில் எங்கள் தெருவில் ரொட்டிக் கடை உண்டு, இந்தப் பெயரில் எனக்கு வாத்தியார் இருந்தார் என்றார். திரும்ப மைதானத்துக்கு வந்து, கோட்டைச் சுவர் நிழலில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியை நான்காகப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தார். வேலுமணி தன் பங்கை வாங்கி, ஹான்சன் பார்க்காதபோது ஆட்டுக்குப் போட்டார். டிரைவர் குழந்தைவேல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான்.

"இப்பக் கேளு" என்றார் வேலுமணி.

ராஜாங்கம் கேட்டான். போர்மேன் பயிற்சிக்கு ஜெர்மனி போக விரும்புகிறார்; உங்கள் கடிதம் வேண்டும் என்கிறார். ஹான்சன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சந்தோஷமாக எழுதுகிறேன். கடினமாக உழைக்கிறவர். நாளைக்கே எழுதித் தருகிறேன்" என்றார்.

இதைத் தமிழில் சொன்னால் முடிந்தது. வேலுமணி விமானம் ஏறிவிடுவார். ராஜாங்கத்துக்குக் கடல் சத்தம் காதுக்குள் அடித்தது. மூன்று வருஷத்தில் ஹான்சன் சொல்லாத ஒன்றை அவர் சொன்னதாக அவன் ஒருமுறையும் தானாகச் சொன்னதில்லை. அன்று சொன்னான்.

"எழுதறேங்கறாருங்க. ஆனா அதுக்கு முன்னால பெல்ட்டு விசயம் தெரியணுமாம். தடுப்ப யாரு கழட்டச் சொன்னது, ஆபீசுல என்னா எழுதிக் குடுத்தாங்கன்னு கேக்கறாரு."

வேலுமணியின் முகம் சுண்டியது. "இவனுக்கு ஆரு சொன்னது?"

"தெரியலீங்க. அவுரு தங்கற கெஸ்ட் ஹவுஸ்ல யாராச்சும் சொல்லிருப்பாங்க."

ஹான்சன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ரொட்டியை மென்றுகொண்டிருந்தார். வேலுமணி அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். சிரித்த முகத்தை மாற்றாமலே ராஜாங்கத்திடம் பேசினார். வழக்கமாகப் பேசுகிற அதே துணிச்சலோடு.

"தடுப்ப நாந்தான் கழட்டச் சொன்னேன். அதுக்கென்ன இப்ப? நின்னு நின்னு ஓட்டுனா மண்ணு தள்ள முடியுமா? பழிய இவன் மேல போடாம என் மேலயா போட்டுக்குவேன்? இவன்தான் ஊருல இல்லையே, வந்து என்னத்தக் கேக்கப் போறான்னு எழுதிப்போட்டேன். கை போனது உன்ற தம்பிக்கு. இந்தக் கொரங்குக்கு எங்க வலிக்குது? நீ ஏதாச்சும் கதை சொல்லி வாய அடை."

ராஜாங்கம் எழுந்து நின்றான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. உட்கார்ந்து சொல்கிற வார்த்தை இல்லை என்று தோன்றியது. ஹான்சனைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல் ஜெர்மனில் சொன்னான்.

"போர்மேன் சொல்கிறார்: தடுப்பை நான்தான் கழற்றச் சொன்னேன். நின்று நின்று ஓட்டினால் மண் தள்ள முடியாது. பழியை என் மேல் போட்டுக்கொள்ளாமல் இவர் மேல் போட்டேன். இவர் ஊரில் இல்லை, வந்து கேட்க மாட்டார் என்று ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். கை போனது உன் தம்பிக்கு. இந்தக் குரங்குக்கு எங்கே வலிக்கிறது. கதை சொல்லி வாயை அடை. இவ்வளவும் போர்மேன் சொன்னது."

ஹான்சன் மெல்லுவதை நிறுத்தினார். "திரும்பச் சொல்" என்றார். ராஜாங்கம் திரும்பச் சொன்னான். குரங்கு என்கிற இடத்தில் குரல் தடுமாறவில்லை.

அந்தப் பழுத்த முகத்தில் நிறம் ஏறுவதை வேலுமணி பார்த்தார். ஹான்சன் மெதுவாக எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார், அத்தனை உயரம்.

"டேய், என்றா சொன்னே?"

"நீங்க சொன்னதத்தாங்க சொன்னேன்."

"என்னத்தச் சொன்னே?"

"எல்லாத்தியும். ஒரு வார்த்தகூட வுடலீங்க."

வேலுமணிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. அந்த ஒரு கணத்தை ராஜாங்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு மாதம் காத்திருந்தது அதைப் பார்க்கத்தான். புது வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பக்கம் நனைந்தது. உதடு வறண்டு, கண் இங்கும் அங்கும் ஓடியது. வலைக்காரர்கள் இருவரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். குழந்தைவேல் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"நோ சார், நோ சார்" என்று வேலுமணி ஹான்சனிடம் கையைப் பிசைந்தார். தெரிந்த ஆங்கிலமெல்லாம் அந்த நேரம் பார்த்து அவரை விட்டுப் போயிருந்தது. ராஜாங்கத்தின் சட்டையைப் பிடித்தார். "மாத்திச் சொல்லுடா! நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லு!"

ராஜாங்கம் ஹான்சனிடம் சொன்னான்: "மாற்றிச் சொல், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல் என்கிறார்."

வேலுமணி அவனை அறைந்தார். சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. ஹான்சன் நடுவில் வந்து வேலுமணியின் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். அப்போது வேலுமணிக்கு ஒரு வழி தென்பட்டது. ராஜாங்கத்தை விரலால் குத்திக் காட்டி, ஹான்சனைப் பார்த்துக் கத்தினார்: "ஹி சைன்! பேப்பர், ஹி சைன்! ஹி சைன்!" காற்றில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார்.

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஹான்சன் ராஜாங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"உண்மையா?"

இல்லை என்று சொல்லலாம். அந்த மைதானத்தில் அவனை மறுத்துப் பேச ஹான்சனின் பாஷை தெரிந்தவர் யாரும் இல்லை. பழியெல்லாம் வேலுமணி மேலேயே நிற்கும். ஆனால் ஆபீசில் காகிதம் இருக்கிறது. அதைவிட, அந்தக் கேள்வியை யாராவது கேட்டால் தேவலை என்று அவனும் எத்தனையோ நாள் நினைத்திருந்தான்.

"உண்மை" என்றான். "தடுப்பில்லாமல் ஓட்டலாம் என்று நீங்கள் சொன்னதாக நான்தான் சாட்சி போட்டேன்."

ஹான்சன் அவனையே பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

ஜீப் திரும்பியது. சிதம்பரத்தில் காபிக்கு நிறுத்தட்டுமா என்று குழந்தைவேல் கேட்டான். பதில் வராததால் ஓட்டிக்கொண்டே போனான். வேலுமணி ஒருமுறை மட்டும் ராஜாங்கத்தின் காதோரம் குனிந்து, "உன்னையும் சேத்துத்தாண்டா தூக்குவாங்க" என்றார். "தெரியுமுங்க" என்றான் ராஜாங்கம். கன்னம் எரிந்தது. உள்ளே வேறொன்று, நல்ல பசியில் முதல் கவளம் இறங்குவதுபோல் இறங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஹான்சன் பெரிய அதிகாரியின் அறைக்குப் போனார். இந்த முறை சென்னையிலிருந்து ஜெர்மன் படித்த ஒருவரை வரவழைத்தார்கள். ராஜாங்கத்தின் பாஷையை யாரும் கேட்கவில்லை. மறுபடி விசாரணை. குழந்தைவேல், தமிழில் தன் காதில் விழுந்ததை அப்படியே சொன்னான். கலியனையும் கூப்பிட்டார்கள்.

அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று ராஜாங்கம் இரண்டு நாள் முயன்றான். வீட்டுக்குள் வந்து, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்து, "கலியா" என்பான். "என்னாண்ணே?" என்பான் கலியன். "ஒண்ணுமில்ல." அதற்கு மேல் வரவில்லை.

ஆகவே கலியன் அதை ஆபீசில்தான் கேட்டான். வலது சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தான். குமாஸ்தா பழைய சாட்சியத்தை உரக்கப் படித்தார்: ஜெர்மன் எரெக்டர் தடுப்பில்லாமல் ஓட்டலாம் என்று சொன்னதை நானே போர்மேனுக்கு மொழிபெயர்த்தேன், என் தம்பி கலியன் யாரும் சொல்லாமல் தானாகக் கையை விட்டான், இப்படிக்கு ராஜாங்கம்.

கலியன் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. அதிகாரியிடம் கேட்டான்.

"அந்தக் கையெழுத்த நான் பாக்கலாங்களா?"

காகிதத்தை அவன் முன்னால் நகர்த்தினார்கள். இடது கையால் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஆமாங்க. அவுரு கையெழுத்துதான்" என்று திரும்ப நகர்த்திவிட்டான்.

வேலுமணிக்கு வேலை போயிற்று. ராஜாங்கத்தின் பர்மனென்ட் ரத்தானது. பொய்ச் சாட்சி சொன்னதற்காக வெளியே தள்ளாமல், பழையபடி கான்ட்ராக்டில் மண் வேலைக்கு அனுப்பினார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லி ஒரு மாதம் கொடுத்தார்கள். கலியனுக்கு ஸ்டோர் கேட்டில் வாட்ச்மேன் வேலை உத்தரவானது. ஹான்சனை அதற்குப் பிறகு ராஜாங்கம் தூரத்தில்தான் பார்த்தான். ஒருமுறை நேருக்கு நேர் வந்தபோது, அவன் அவருடைய பாஷையில் வணக்கம் சொன்னான். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

வேலுமணி கிளம்புகிற அன்று ராஜாங்கம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர் குவார்ட்டர்ஸ் வாசலுக்குப் போனான். தெருவுக்கு எதிர்ப்பக்கம், குழாயடியில் நின்றான். ஒளியவில்லை. தன்னைப் பார்க்கட்டும் என்றுதான் போனான். லாரியில் கட்டிலும் அண்டாவும் ஏறின. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். வேலுமணி வெளியே வந்தார், அவனைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். பத்து நாளில் ஆள் சுருங்கிப்போயிருந்தார். அந்தக் காட்சி ராஜாங்கத்துக்கு இனித்தது. மனசாட்சி ஏதாவது சொல்கிறதா என்று காத்துப் பார்த்தான். எதுவும் சொல்லவில்லை.

வேலுமணியின் மனைவி கமலாவுக்கு அவனைத் தெரியாது. பெரிய டிரங்குப் பெட்டி ஒன்றைத் தூக்க ஆளில்லாமல், தெருவில் நின்ற அவனைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இத ஒரு கை புடிக்கறீங்களா?"

ராஜாங்கம் தெருவைக் கடந்து போய்ப் பெட்டியைத் தனியாகவே தூக்கி லாரியில் ஏற்றினான். பெட்டி கனமாக இருந்தது, அவனுக்குக் கனக்கவில்லை.

"வேற எதனா இருக்குதுங்களா?" என்று கேட்டான். "இருந்தா குடுங்க. ஏத்திடலாம்."

"நல்லா இருங்க" என்றாள் அவள்.

ராஜாங்கத்தின் குடும்பம் முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு குடிசைக்கு மாறியது. அம்சவல்லியின் ஊர் அது. கலியனும் கூடவே வந்தான். வருவான் என்று ராஜாங்கம் எதிர்பார்க்கவில்லை. விசாரணைக்குப் பிறகு அவன் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை உத்தரவு இருக்கிறது, தனியாகப் போய்விடுவான் என்றுதான் ராஜாங்கம் நினைத்தான். போனால் நிம்மதி என்றுகூட ஒரு ஓரத்தில் நினைத்தான்.

குடிவந்த மறுநாள் விடிகாலை. கலியனுக்கு முதல் ஷிப்ட். கம்பெனி கொடுத்த புதுக் காக்கிச் சட்டையை இடது கையாலேயே உதறி, தோள்வழியாக இழுத்து மாட்டிக்கொண்டான். பட்டன் போட அம்சவல்லி எழுந்து வந்தாள். அவன் அவளைத் தடுத்துவிட்டு, அண்ணன் முன்னால் வந்து நின்றான்.

"நீ போடு."

ராஜாங்கம் நிமிர்ந்து பார்த்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு தம்பி பேசியது அது.

"கலியா, நான் செஞ்சது..."

"அந்தப் பேச்செல்லாம் வேணாம். போர்மேன ஊர வுட்டே ஓட்டிட்ட. அவன் மூஞ்சி தொங்கினத நேரா நின்னு பாத்துட்டு வந்தியாமே, குழந்தைவேலு சொன்னான். ஒனக்கு ஆறிடுச்சி. எனக்கு?"

ராஜாங்கத்தின் கண் வாசல் பக்கம் போனது.

"தனியா போயிடுவேன்னு பாக்கறியா? போமாட்டேன். ஒன் வூட்டுலதான் இருப்பேன். தெனம் காலையில இப்பிடித்தான் ஒன் முன்னால வந்து நிப்பேன். பட்டன் நீதான் போடணும். சோத்த நீதான் பெசஞ்சி வெக்கணும். அண்ணி போட்டா நான் வேலைக்குப் போமாட்டேன். ஒனக்கு ஒடம்பு முடியாமப் போனாலும் எழுந்து வந்து போடணும்."

அம்சவல்லி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

ராஜாங்கம் தம்பியின் சட்டையைப் பிடித்தான். முதல் பட்டன் நழுவியது. கலியன் உதவவில்லை. மோவாயை உயர்த்திக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, ஷிப்டுக்கு நேரமாவதைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாதவனாக நின்றான்.

"மெதுவாப் போடு" என்றான்.